காதில் பொத்தான் இல்லாத பொம்மைகள்

நாத்தனார் மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். போன கோடையில் ஊருக்கு வந்தபோது என் மகளுக்கு ஒரு டெடி கரடி கொண்டுவந்தான். பெட்டியைப் பிரித்ததும் அவன் எங்களுக்கு முதலில் காட்டியது கரடியின் முகத்தை இல்லை, இடது காதை. காதில் தங்க நிறத்தில் ஒரு சின்ன உலோகப் பொத்தான். பொத்தானோடு சேர்த்துக் கோத்த மஞ்சள் துணிப்பட்டையில் சிவப்பு எழுத்தில் ஸ்டைஃப் என்று கம்பெனி பேர். “இதை மட்டும் பிச்சிராதீங்கத்தை, விலையே இதுலதான் இருக்கு” என்றான். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், “அப்ப காதுகுத்து முடிஞ்ச கரடின்னு சொல்லு. மாமன் சீர் யாரு செஞ்சா?” என்று கேட்க, வீடே சிரித்தது. எனக்கு அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையிலேயே நின்றது. கரடியின் விலை நம்ம காசுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும் என்று பிறகு தெரிந்தது. மேலே இருப்பது அங்கோரா ஆட்டு ரோமம். கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகத் திரும்பும். மூக்கும் வாயும் கையால் போட்ட தையல். சரி, இதெல்லாம் வேலை, வேலைக்குக் கூலி உண்டு. ஆனால் இத்தனை வேலையும் அப்படியே இருக்க, பொத்தானைக் கழற்றிவிட்டால் விலை விழுந்துவிடும் என்றால், நாம் எதற்குத்தான் காசு கொடுக்கிறோம்?

மாமியாருக்குப் பிறந்த ஊர் போடி. மெத்தையோ தலையணையோ எதைப் பார்த்தாலும் அழுத்திப் பார்த்து “உள்ள இலவம் பஞ்சா?” என்று கேட்பது அவர் பழக்கம். கரடியையும் விடவில்லை. பழைய ஜெர்மன் கரடிகளுக்குள் நூல் போலச் சீவிய மரச்சுருளை அடைத்தார்கள், இங்கிலாந்துக் கரடிகளில் ஒரு காலத்தில் இலவம் பஞ்சும் போட்டிருக்கிறார்கள் என்று படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் கரடிக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்படிப் படிக்க ஆரம்பித்ததில், அந்தப் பொத்தானின் கதையும் கிடைத்தது. கீங்கன் என்ற சின்ன ஊரில் 1847-இல் பிறந்த மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணிதான் இந்தத் தொழிலுக்கு ஆதி. ஒன்றரை வயதில் போலியோ வந்து கால்கள் இரண்டும் போய்விட்டன, வலது கையிலும் வலு கிடையாது. தையல் மெஷினைத் திருப்பிப் போட்டு, இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கப் பழகிக்கொண்டார். கம்பளித் துணியில் உடுப்பு தைத்து விற்றவர், 1880-இல் ஊசி குத்தி வைக்க ஒரு குட்டி யானை செய்தார். பெரியவர்கள் ஊசி குத்துவதற்குள் பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு விளையாடப் போய்விட, அதுவே தொழிலானது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி பிள்ளைகள்தான் ஆளுக்கொரு பொறுப்பாகக் கூட நின்றார்கள். அவர்களில் ரிச்சர்ட் 1902-இல் கை கால் அசைகிற கரடியை வடிவமைத்தார். 1903-இல் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஒரு அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1907-இல் மட்டும் அந்தச் சின்ன ஊரிலிருந்து 9,74,000 கரடிகள் வெளியே போயின. அதே 1902-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்ததும், அதைக் கார்ட்டூனில் பார்த்து நியூயார்க்கில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் ‘டெடி’ என்று பேர் வைத்துக் கரடி விற்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விடுகிறேன்.

இத்தனை விற்றால் அதைப் பார்த்து அப்படியே போலி செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? இன்னொரு தம்பி பிள்ளை ஃப்ரான்ஸ், 1904-இல் காதில் பொத்தான் அடிக்கும் யோசனையைச் சொன்னார். இது எங்கள் வீட்டுச் சரக்கு என்று கடல் தாண்டியும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கீங்கன் ஊருக்குள் விற்கிற வரைக்கும் பொத்தான் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்மணியின் கைவேலை எது என்று ஊருக்கே தெரியும். வாங்குகிறவருக்குச் செய்கிறவர் யாரென்று தெரியாத தூரம் வந்த பிறகுதான் காதைக் குத்த வேண்டியிருந்தது.

பெருமாளின் கை

புரட்டாசி பிறந்ததும் கொலுப் பெட்டியை இறக்கினோம். எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் மூன்றாம் படியில் மீனாட்சி திருக்கல்யாண செட் இருந்தாக வேண்டும். நடுவில் மீனாட்சி, பக்கத்தில் சொக்கர், தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாள். மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் மதுரை மீனாட்சி கோயில் பக்கத்துப் புது மண்டபத்தில் வாங்கியது. இப்போது அங்கே கடைகள் கிடையாது, எல்லோரும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். பிரித்துப் பார்த்தால், பெருமாளின் கை கெண்டியோடு சேர்ந்து முழங்கையில் உடைந்து கிடந்தது. கை இல்லாமல் கன்னிகாதானம் எப்படிச் செய்வார்? புதுசு வாங்கிவிடலாம் என்றார் கணவர். மாமியார் பதிலே சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் அதற்கு என்ன பொருள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கரடி ஞாபகத்தில் பெருமாளைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஒன்றுமில்லை. பேர், ஊர், வருஷம் எதுவும் கிடையாது. கீங்கனில் இன்றைக்கும் பழைய கரடிகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பிரிவு இருக்கிறது. கை பிய்ந்த கரடி என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்று அதன் காதே சொல்லிவிடும். எங்கள் பெருமாளுக்கு அந்த வசதி இல்லை. இருந்தாலும் மதுரையில் கொலு பொம்மை என்றால் முக்கால்வாசி விளாச்சேரியாகத்தான் இருக்கும் என்று மாமியார் அடித்துச் சொன்னார். நாங்கள் இருப்பது திருநகர். விளாச்சேரி கூப்பிடு தூரம். பெருமாளைப் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளையும் கரடியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மதுரையில் திருக்கல்யாணத்தன்று தாரை வார்க்கப் போகிற பவளக்கனிவாய்ப் பெருமாளே திருப்பரங்குன்றத்துக்காரர்தான். உடைந்த கையோடு இவரும் சொந்த ஊர்ப் பக்கம்தான் போகிறார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

நவராத்திரிக்கு முந்தின நாட்களில் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும். திண்ணை, வாசல், மாடிப்படி எல்லாமே பொம்மை. வெள்ளை பூசிய தலைகள் ஒரு பக்கம், நீலம் மட்டும் அடித்த கிருஷ்ணன்கள் வரிசையாக ஒரு பக்கம், மூலையில் இப்போதே கிறிஸ்துமஸ் குடிலுக்கான ஆட்டுக்குட்டிகள். மண்ணில் வேலை செய்கிற வேளார் வீடுகளுக்கு வருஷம் முழுக்க ஒரு கணக்கு உண்டு. ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, கார்த்திகைக்கு விளக்கு, மார்கழிக்கு மாதாவும் சூசையப்பரும் குழந்தை இயேசுவும். நான் பெருமாளை அவிழ்த்துக் காட்டிய முதல் வீட்டில், “இது நம்ம அச்சு இல்லக்கா” என்றார்கள். அடுத்த வீட்டில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எம்-சீல் வச்சு ஒட்டிருங்கக்கா, பதினஞ்சு நிமிசம்” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒட்ட வேண்டும் என்றால் எனக்கும் ஒட்டத் தெரியும். செய்த வீடு எது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அலைந்தேன் என்பதை அந்த அவசரத்தில் யாரிடம் சொல்வது?

ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர், காய்ந்த பொம்மைகளின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த மண்ணைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். முன் பாதியிலும் பின் பாதியிலும் மண்ணை அமுக்கி, இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது சேர்ந்த இடத்தில் ஒரு வரப்பு நிற்கும், அதைத்தான் சீவுவது. பெருமாளை வாங்கிய கையோடு அவரும் தலைகீழாகத் திருப்பினார். பேரைத் தேடவில்லை. உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மண்ணை அமுக்கியவரின் விரல் பள்ளங்கள் சூளையில் வெந்து அப்படியே உள்ளே இருக்கும். பிறகு நிமிர்த்தி, தோள் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். “இது எங்கம்மா எழுதுன கண்ணு தாயி” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம், வந்த கிராக்கியை விடாமல் இருக்கச் சொல்கிறாரோ என்று. அவர் பெருமாளின் கீழிமையை நகத்தால் காட்டினார். “மத்தவங்க ஒரே இழுப்பா இழுப்பாக. எங்கம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துருச்சு. கோடு இழுத்தா அலையும். அதனால மூணு புள்ளியா வச்சு, அப்புறம் புள்ளியச் சேர்க்கும். நல்லாப் பாருங்க, நடுப்புள்ளி தடிச்சிருக்கும்.” பார்த்தேன். கீழிமையில் இரண்டு இடத்தில் கோடு மெலிந்து, நடுவில் தடித்திருந்தது. உள்ளே சென்று மீனாட்சி ஒன்றை எடுத்து வந்து காட்டினார். அது அவர் மருமகள் எழுதியது. ஒரே இழுப்பு, கயல் மாதிரியே வளைவு. அதைவிட அழகு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் புள்ளி வைத்த கண்ணைப் பார்த்த பிறகு அந்தச் சுத்தமான கோட்டில் எனக்கு மனசு நிற்கவில்லை. மெஷினைத் திருப்பிப் போட்டுத் தைத்த அந்த ஜெர்மன்காரப் பெண்மணிக்கும் நடுங்கும் கையால் புள்ளி வைத்த இந்த அம்மாவுக்கும் நடுவே எத்தனை தூரம், எத்தனை வருஷம்! அவர் பேர் கோடிக்கணக்கான காதுகளில் இருக்கிறது. இந்த அம்மாவின் பேரைக் கேட்டேன். பெரியவர் சொன்னார். இங்கே எழுதலாமா என்று கேட்டதற்கு மட்டும், “அதெல்லாம் எதுக்குத் தாயி, செத்துப்போன ஆளு” என்று சீவுகிற வேலைக்குத் திரும்பிவிட்டார்.

யார் பேரைப் போடுவது

மகள் கையில் இருந்த கரடியை வாங்கி மருமகளிடம் காதைக் காட்டினேன். நீங்களும் அடியில் ஒரு முத்திரை குத்தலாமே, ஈர மண்ணில் அமுக்கினால் செலவே இல்லையே என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “செஞ்சோம்க்கா” என்றார். சில வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் ஆசைப்பட்டு பேரையும் போன் நம்பரையும் அச்சிலேயே வெட்டி வைத்திருக்கிறார். சரக்கெடுக்க வந்த மொத்த வியாபாரி திருப்பிப் பார்த்துவிட்டு, நம்பர் இருந்தால் எடுக்க மாட்டேன் என்றாராம். நம்பரைப் பார்த்து அடுத்த வருஷம் ஆட்கள் நேரே இங்கே வந்துவிட்டால் அவர் எதற்கு? வீடே உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நம்பரை அழித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. மருமகளுக்கு வரவில்லை. “தை மாசம் ஒரு பொம்மை விக்காது. அப்ப மண்ணுக்கும் பெயிண்டுக்கும் முன்பணம் குடுக்கிறது அவருதானக்கா. நீங்களா வந்து குடுப்பீங்க?” என்றார். நியாயம்தான். நான் புரட்டாசியில் மட்டும் வருகிற ஆள்.

அதற்கு அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “சரி, பேரு போடணும்னே வைங்க. மண்ணு மிதிக்கிறது மாமா. அச்சு போடுறது இவரு. சூளை அடுக்குறது கொழுந்தன். வெள்ளை பூசுறது நாத்தனாரு. கண்ணு நான். யாரு பேரைக்கா போடுவீங்க?” நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: “இவரு பேருதான் வரும்.” பெரியவரின் அம்மா காலத்திலும் கடைக்காரர் நோட்டில் இருந்தது அவர் கணவர் பேர்தான். அன்றைக்கு முத்திரை இருந்திருந்தால், எங்கள் பெருமாளின் அடியில் அந்தத் தாத்தாவின் பேர் இருந்திருக்கும். நானும் சந்தோஷமாக அதைப் படித்துவிட்டு, கண்ணைப் பார்க்காமலே உள்ளே வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தும் இது என்னை விடவில்லை. கரடியின் காதை மறுபடி பிடித்துப் பார்த்தேன். ஸ்டைஃப் கம்பெனி தன் உற்பத்தியில் ஒரு பகுதியைச் சீனாவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தது. தரம் சரிப்படவில்லை என்று 2008-இல் அங்கிருந்து விலகுவதாகச் சொன்னது. துனீசியாவில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. என் மகளின் கரடிக்கு மூக்குத் தைத்த கை எந்த ஊர்க் கை, அவர் பேர் என்ன, பொத்தான் சொல்லுமா? சொல்லாது. ஒரு குடும்பத்தின் பேரை அது சொல்கிறது. பிய்ந்தால் தைத்துக் கொடுக்க ஒரு வீடு இருக்கிறது என்கிறது. அது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘பாரம்பரியக் கைவேலை’ என்று அட்டையில் போட்டதும் ஒரு ஜெர்மன் பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பதாக நாமே கற்பனை செய்துகொள்கிறோமே, அதற்கும் சேர்த்துத்தான் பத்தாயிரம்.

இந்தப் பேர் விவகாரம் எதுவுமே இல்லாத ஒரு வேலையும் இதே வேளார்களிடம் இருக்கிறது. மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறார்கள் என்றால், முதலில் ஊர் கூடிப் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுக்க வேண்டும். அந்த மண்ணை வாங்கிய வேளார்தான் குதிரை செய்ய முடியும். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசாரியும் அவரே. வேட்டி, துண்டு, மாலை, மரியாதை எல்லாம் அவருக்கு உண்டு. குதிரையின் வயிற்றில் பேர் எழுதினால்தான் ஊருக்குத் தெரியுமா என்ன? யார் செய்தது என்று ஆடு மேய்க்கிற பையன்கூடச் சொல்வான். அங்கே குதிரையை யாரும் பழுது பார்ப்பதும் இல்லை. மழையில் சாயம் கரைந்தும் உடைந்தும் கோயில் வாசலிலேயே கிடக்கும், அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். அதே கைகள் கடைக்கு பொம்மை செய்யும்போதுதான், பேரில்லாத டஜன் கணக்குச் சரக்காகிவிடுகிறது.

புவிசார் குறியீடு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் கணவர் சொல்கிறார். மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்தது, சுங்குடிக்கு அதற்கும் முன்னாலேயே உண்டு. நல்லதுதான். வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று விற்க முடியாது. ஆனால் அது ஊரின் பேரைக் காப்பாற்றும். சுங்குடியில் முடிச்சுப் போடுகிற பெண்ணின் பேரை அது எந்தப் புடவையில் கொண்டுவந்து வைத்தது? எனக்குக் குறியீட்டின் மேல் வருத்தம் இல்லை. அது வேறு கேள்விக்கான பதில் என்றுதான் சொல்கிறேன். கடைசியில் என் கட்சி இதுதான்: முத்திரை வேண்டும், ஆனால் அதில் கண் எழுதுகிறவர் பேரும் இருக்க வேண்டும். சினிமாவில் உதவி ஒப்பனைக்காரர் பேர்வரை ஓடுகிறது, ஒரு சாண் பொம்மையின் அடியில் இரண்டு பேருக்கு இடமில்லையா? வியாபாரி எடுக்காவிட்டால், நேராக விற்கிற சரக்கிலாவது போடலாம்.

கொலு முடிந்ததும் பெருமாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். நவராத்திரிக்கு அவசரத்துக்கு வைத்திருந்த எம்-சீல் கையை எடுத்துவிட்டு, மண்ணிலேயே கை செய்து சூளையில் வைத்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். கண்ணைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதற்கு, “நாங்க எதுக்குத் தொடப் போறோம்” என்றார் மருமகள், கொஞ்சம் கோபமாகவே. அப்போது குடில் செட் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மாட்டுத் தொழுவத்து மாடு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு போன் நம்பர். நேரே வாங்க வருகிறவர்களுக்கான செட்டில் மட்டும் இப்போது எழுதுகிறார்களாம், வியாபாரி சரக்கில் இல்லை.

“யாரு நம்பர் இது, உங்களோடதா?” என்று கேட்டேன்.

“அவரு நம்பர்தான்க்கா” என்றார் மருமகள், தூரிகையை எடுக்காமல். “ஆனா போனு எங்கிட்டத்தான் இருக்கும்.”